ஏற்காடு ஒரு நாள் துதி ரிட்ரீட், நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்தது

போன சனிக்கிழமை நானும் எங்க வீட்டுக்காரரும் இந்த ரிட்ரீட்டுக்கு, அதாவது ஒரு நாள் ஒண்ணா உக்காந்து பைபிள் வாசிச்சு கடவுள துதிக்கிற கூட்டத்துக்கு, போயிட்டு வந்தோங்க. அவருக்கு ரெண்டு வருசமா டயாலிசிஸ், திங்கள் புதன் வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அதனால எங்களுக்கு வெளியூர்னு ஒண்ணே இல்லாம போச்சு, சனிக்கிழமை காலைல கிளம்பி சாயங்காலம் வீடு வந்துடலாம்னு சொன்னதால தான் துணிஞ்சு பேரு குடுத்தோம். என் தம்பி காரு எடுத்தான். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் அந்த 20 கொண்டை ஊசி வளைவு, அவருக்கு தலை சுத்தும்னு மூணு எடத்துல நிறுத்தி நிறுத்தி தான் ஏறுனோம். ஒன்பது மணிக்கு ஆரம்பம்னாங்க, நாங்க போய் சேரும்போது ஒன்பதே கால், யாரும் ஒண்ணும் சொல்லல, கதவுகிட்ட சேர் போட்டு வச்சிருந்தாங்க.

முதல்ல சாப்பாட்ட சொல்லிடுறேன், ஏன்னா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது தான் பயமே. போன்ல பேரு குடுக்கும்போதே உடம்புக்கு ஏதாச்சும் இருக்கானு கேட்டாங்க. நான் சொன்னத சமையல்கட்டு அக்கா ஞாபகம் வச்சிருந்து, அவருக்கு மட்டும் காய வேகவச்சு தண்ணிய வடிச்சிட்டு உப்பில்லாம தனியா தாளிச்சு வச்சிருந்தாங்க. எல்லாருக்கும் ஆரஞ்சு குடுத்தாங்க, அவருக்கு அது ஆகாது, கேக்காமயே ஒரு சின்ன ஆப்பிள நறுக்கி குடுத்தாங்க. ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து ஒரு லிட்டர் தான் தண்ணி, காப்பி வாசத்துக்கு அவரு பாத்த பார்வைய பாத்துட்டு கால் டம்ளர் மட்டும் ஊத்தி சூடா நீட்டுனாங்க. அத அவரு அரை மணி நேரம் கைல வச்சிருந்து குடிச்சாரு.

இப்ப விசயத்துக்கு வரேன். நான் ரொம்ப யோசிச்சு தான் போனேன், ஏன்னா இதுக்கு முன்னாடி ஒரு எடத்துல கூட்டத்துக்கு போனப்போ, துதிச்சா சுகம் வரும், வரலன்னா விசுவாசம் பத்தலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அன்னைக்கு இருந்து அவரு கோயிலுக்கு வந்தாலும் பாட மாட்டாரு, புக்க திறந்து வச்சிட்டு சும்மா நிப்பாரு. இங்க நடத்துன அக்கா எடுத்த உடனே பைபிள்ல சங்கீதம் 13 தான் வாசிக்க சொன்னாங்க. ஆறே வசனம். முதல் ரெண்டு வசனத்துலயே நாலு தடவ "எதுவரைக்கும்"னு தாவீது கர்த்தர்கிட்ட கேக்குறாரு, கடைசி வசனத்துல பாடுவேன்னு முடிக்கிறாரு, நடுவுல கஷ்டம் தீந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. அத காட்டிட்டு, உங்க "எதுவரைக்கும்"ம நீங்களும் கேளுங்க, கேட்டுட்டு துதிக்கலாம், அவசரம் இல்லன்னு சொல்லிட்டு அரை மணி நேரம் எங்கள சும்மா விட்டாங்க. சில்வர் ஓக் மரத்தடியில போய் உக்காந்து நான் அழுதேன். எத்தன வருசத்துக்கு அப்புறம்னு தெரியல, நல்லா இருந்துச்சு.

மத்தியானத்துக்கு மேல சங்கீதம் 136. மொத்தம் 26 வசனம், ஒவ்வொண்ணும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு முடியும். ரூம்ல பாதி பேரு சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை), மீதி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), பெந்தெகொஸ்தே சபைன்னு எல்லாம் கலந்து இருந்ததால ஆர்.சி. காரங்க அவங்க பைபிள்ல இருக்குற மாதிரி "என்றும் உள்ளது அவரது பேரன்பு"ன்னாங்க, ரெண்டும் ஒண்ணா கேக்க ரொம்ப அழகு. எங்க பைபிள்ல "துதியுங்கள்"னு ஆரம்பிக்குது, அவங்களுதுல "நன்றி செலுத்துங்கள்"னு இருக்கு, எபிரெயத்துல அது ஒரே வார்த்தை தானாம். துதின்னா கைய தூக்கி சத்தமா பாடுறது, நன்றின்னா தனியா வேற ஒண்ணுன்னு தான் நான் இத்தன நாளும் நெனச்சிட்டு இருந்தேன். அந்த சங்கீதமே வானம், பூமி, சூரியன், சந்திரன்னு ஆரம்பிச்சு எகிப்து, செங்கடல்னு போயி, முடியுற எடத்துல எல்லாருக்கும் சாப்பாடு குடுக்குறாருன்னு வந்து நிக்குது.

அப்புறம் ஆளுக்கு ஒரு துண்டு சீட்டு. அவங்கவங்க வாழ்க்கைல நடந்தத ஒரு வரி எழுதி வாசிக்கணும், ரூம் முழுக்க அந்த சங்கீத வரிய பதிலா சொல்லும். எஸ்டேட்ல வேல பாக்குற ஒரு அம்மா, மழைல எங்க வீட்டு சுவரு உள்பக்கம் விழாம வெளிப்பக்கம் விழுந்துச்சுன்னாங்க. ஒரு காலேஜ் பையன், அப்பா போன் எடுத்து பேசுனாருன்னு மட்டும் சொல்லி உக்காந்துட்டான். எங்க வீட்டுக்காரரு சீட்ட என்கிட்ட தள்ளிடுவாருன்னு தான் நெனச்சேன். அவரே எந்திரிச்சு, இடது கை கட்ட தடவிகிட்டே, "நேத்து ஊசி ஒரே குத்துல ஏறுச்சு"ன்னாரு. அவ்ளோ தான். டயாலிசிஸ் பாத்தவங்களுக்கு தெரியும் அது என்னன்னு, சில நாள் மூணு தடவ நாலு தடவ குத்துவாங்க. முப்பது பேரு சேந்து "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னாங்க, எனக்கு முன்னாடி அவரு சொன்னாரு.

நாலு ஸ்டார் தான் குடுத்திருக்கேன், ஒண்ணு கொறச்சது படிக்கட்டுக்காக. பாத்ரூம் போற வழில எட்டு படி, கைப்பிடி இல்ல, பாசி வேற. வயசானவங்க, முடியாதவங்க தான் நெறைய வராங்க, தயவு செஞ்சு ஒரு கம்பி போட்டு விடுங்க. மத்தபடி சாப்பாட்டோட சேத்து ஆளுக்கு 350 ரூபா, காணிக்கைன்னு தனியா யாரும் கேக்கல. மைக் இல்ல, டிரம்ஸ் இல்ல, ஒரு ஆர்மோனியம் மட்டும், எங்களுக்கு அதுவே போதும். நாலு மணிக்கு மேல குளிருது, சால்வை எடுத்துட்டு போங்க.

திங்கக்கிழமை டயாலிசிஸ் யூனிட்ல ரெண்டு தடவ குத்துனாங்க. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி அவரு ஒரு வரி சொல்லுவாரு, நான் பதில் சொல்லுவேன், அப்படி வச்சிருக்கோம். அன்னைக்கு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, பக்கத்து பெட் பையனுக்கு ஒரே குத்துல ஏறுச்சுன்னாரு. அடுத்த மாச சனிக்கிழமைக்கும் ரெண்டு பேரு பேரும் குடுத்தாச்சு.