6000ஆ 7200ஆ: ஏசி இல்லாத கொழும்பு அறைக்கு எந்த ரேம்?

ஏஎம்டியின் ரைசன் 7 7700 புரொசசரை ஓவர்க்ளொக் செய்யவென்று (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டவென்று) ரேம் தேடி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனால், கடைசியில் மூன்று பெட்டிகளுக்குள் வந்து நிற்க வேண்டியிருந்தது. மூன்றும் டிடிஆர்5, மூன்றும் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. முதலாவது 5600 சிஎல்40 (முதல் எண் வேகம்; சிஎல் என்பது கேட்ட தரவு வர எத்தனை கிளொக் துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது), விலை குறைந்தது. இரண்டாவது 6000 சிஎல்30. மூன்றாவது 7200 சிஎல்34. உயரமான ஹீட்ஸ்பிரெடர், உச்சியில் கலர் லைட். "தம்பி, ஸ்பீட் வேணுமெண்டால் இதை எடுங்கோ" என்று கடைக்கார அண்ணை மூன்றாவதைத்தான் முன்னுக்குத் தள்ளினார். நான் எடுத்தது இரண்டாவதை. இன்றைக்குப் போனாலும் அதைத்தான் எடுப்பேன்.

நிறம், பிராண்ட் எல்லாம் அவரவர் விருப்பம். இரண்டு ஸ்டிக்கா நாலா என்பதிலும் யோசிக்க ஒன்றுமில்லை. ரைசன் 7000 வரிசையில் நாலு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகமே 3600தான். இரண்டோடு நில்லுங்கள்.

பேப்பரில் பார்த்தால் 7200தான் வெல்லும். முதல் தரவு வர ஆகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் 7200 சிஎல்34க்கு 9.4 நானோசெக்கன், 6000 சிஎல்30க்கு 10, 5600 சிஎல்40க்கு 14.3. ஆனால் ரைசன் 7000 பூட்டும் ஏஎம்5 போர்டில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. புரொசசருக்குள் இருந்து ரேமைக் கையாளும் மெமரி கொன்ட்ரோலர் ரேமோடு சம வேகத்தில் ஓடுவது 6000 வரைக்கும், சிப் நல்லதாக வாய்த்தால் 6400 வரைக்கும். அதைத் தாண்டினால் கொன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். 7200 போட்டால் ரேம் 3600 மெகாஹெர்ட்ஸில் ஓடும் (லேபிள் எண்ணில் பாதிதான் உண்மையான கிளொக்), கொன்ட்ரோலர் 1800இல் இழுபடும். போதாததற்கு, 7700இல் கோர்கள் எல்லாம் ஒரே சிப்லெட்டில் (சிறு சிப் துண்டில்); அதற்குள் தரவு வரும் பாதை ஒரு கிளொக்குக்கு 32 பைட்தான். ஃபேப்ரிக் எனப்படும் அந்தப் பாதை 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் விநாடிக்கு 64 ஜிபி. 6000 ரேமே கோட்பாட்டளவில் 96 ஜிபி தரும். வாசல் அவ்வளவுதான் எனும்போது 7200இன் 115 ஜிபியை வாங்கி என்ன செய்வது?

5600ஐப் பற்றி இரண்டு வார்த்தை. 7800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) உள்ள புரொசசர் வைத்திருப்பவருக்கு, ஓவர்க்ளொக் ஆசையும் இல்லையென்றால், அது தாராளமாகப் போதும். ஆனால் 5600ஐ வாங்கி 6000 சிஎல்30க்கு ஏற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். உள்ளே எந்தக் கம்பெனியின் சிப் என்று பெட்டியில் போடமாட்டார்கள். மலிவான ஸ்டிக்குகள் சிலவற்றில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சிப்பும் பூட்டி வரும். லேபிளில் 6000க்குப் பக்கத்தில் 30-36-36 அல்லது 30-38-38 என்று இருந்தால் உள்ளே பெரும்பாலும் எஸ்கே ஹைனிக்ஸ் சிப்தான். டைமிங்கை, அதாவது இந்தக் காத்திருப்பு எண்களை, இறுக்க அதுதான் இடம் கொடுக்கும். காசு கொடுக்க முதல் லேபிளைக் காட்டச் சொல்லி வாசியுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது இது எதுவும் இல்லை. வெக்கை.

ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும் மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏற ஏற ஓட்டை பெருக்கும். டிடிஆர்5இல் வழமையாக 3.9 மைக்ரோசெக்கனுக்கு ஒரு முறை ரிஃப்ரெஷ் நடக்கும். 6000 வேகத்தில் அது 11,700 கிளொக். இந்த இடைவெளிக்குப் பெயர் டி-ரெஃபி. ரிஃப்ரெஷ் நடக்கும்போது ரேம் பதில் சொல்லாது என்பதால், இடைவெளியை நீட்டினால் லேட்டன்சி (காத்திருக்கும் நேரம்) குறையும். ஓவர்க்ளொக் செய்பவர்கள் பயோஸில் (போர்டின் செட்டிங் திரையில்) 50,000 வரை சர்வசாதாரணமாக ஏற்றுவார்கள், அதாவது நாலு மடங்குக்கும் மேல். செலவில்லாமல் கிடைக்கும் வேகம்.

அவர்களில் பலர் 20, 22 டிகிரி அறையில் இருந்துகொண்டு சொல்கிறார்கள். வெள்ளவத்தையில் ஏசி இல்லாத மாடி அறையில் ஏப்ரல் மதியம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அறையில் கூடுகிற பத்து டிகிரியும் அப்படியே ஸ்டிக்கின் மேல் ஏறும். கிராஃபிக்ஸ் கார்ட் கீழிருந்து ஊதுகிற சூடு வேறு. என்னிடம் 50,000 இரவில், ரேமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5ஐ முழுதாகத் தாண்டியது. மதியம் கேம் ஒன்றை ஓடவிட்டு, சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் ஸ்டிக்கின் சூடு 55ஐத் தாண்டியதும், அதே செட்டிங்கில் பிழைகள் வரத் தொடங்கின. 32,768க்கு இறக்கினேன், பிழைகள் நின்றுவிட்டன. புளூ ஸ்கிரீன் வந்தாலாவது தெரியும். சத்தமில்லாமல் ஒரு பிட் மாறி, சுருக்கி (zip) வைத்த ஃபைல் பிறகு திறக்காமல் போவதுதான் பயம். டிடிஆர்5 சிப்புக்குள் இருக்கும் பிழைதிருத்தம் ஒற்றை பிட் தவறைத்தான் சமாளிக்கும்.

இந்த இடத்தில்தான் 6000 கிட் முந்துகிறது. அதன் எக்ஸ்போ புரொஃபைல் (ரேம் கம்பெனி முன்கூட்டியே எழுதி வைத்த ஓவர்க்ளொக் செட்டிங்) 1.35 வோல்ட், 7200 கேட்பது 1.40. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், அதோடு கிளொக்கும் 20 வீதம் கூட. இன்னொன்று, உயர்ந்த ஹீட்ஸ்பிரெடர் டவர் கூலரின் முன் ஃபேனில் முட்டும். ஃபேனை மேலே தூக்கினால் கேஸின் கண்ணாடி மூடாது. நான் எடுத்தது கட்டையான கிட். அதற்கு மேல் ஒரு 80 மில்லிமீற்றர் ஃபேனை கேபிள் டையால் கட்டிவிட்டேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் சூடு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

6400ஐச் சம வேகத்தில் ஓட்டலாமே என்பீர்கள். ஓடும், ஆனால் எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கொன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) கூடுதலாகக் கேட்கும். 2023இல் 7800எக்ஸ்3டி சிப்கள் சில கருகிய பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு போட்டது. எனது 1.2இல் ஓடுகிறது, அந்த வரம்புக்குக் கிட்டப் போக எனக்கு மனமில்லை.

இன்டெல்காரர் இதை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே டிடிஆர்5 கொன்ட்ரோலர் வழமையாகவே பாதி வேகத்தில்தான் ஓடும், ஆகவே 7200க்கு அர்த்தம் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் கை வைத்தது ஒரு நண்பனின் 14700கேயில் மட்டும், அதுவும் ஏசி அறையில். வெக்கையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் சொல்லைப் பெரிதாக நம்பாதீர்கள்.

ஏஎம்5 வைத்திருந்து 6000 சிஎல்30 கைக்கு அகப்படாவிட்டால், 6000 சிஎல்36ஐ எடுத்து, மிஞ்சும் காசில் கேஸுக்கு நல்ல ஃபேன் இரண்டு போடுங்கள். டெஸ்ட்மெம்5ஐ மதியம் இரண்டு மணிக்கு, பக்கத்தில் ஒரு கேமையும் ஓடவிட்டுப் பாருங்கள்.