சட்டம் படிக்க சென்னையா, திருச்சியா?

பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டம் படிக்க நம் ஊரில் இரண்டு நல்ல வழிகள். சென்னை பெருங்குடியில் உள்ள அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் கூடுதல்.

கோர்ட்டில் நின்று வாதாட ஆசையா? சென்னைதான் என்பேன். பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தால் உயர் நீதிமன்றம். மூத்த வக்கீலுக்குப் பின்னால் கட்டுகளைச் சுமந்து ஓடும் ஜூனியரைப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். திருச்சியிலிருந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கார்ப்பரேட் வேலை, மேற்படிப்பு என்றால் திருச்சி. ஆனால் கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து ஐந்து வருடக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.