நாட்டுப்புற எல்பி விற்பவர்கள் கவனத்துக்கு: தட்டை மாற்றித் திருப்பி அனுப்புகிறார்கள்

பழைய இசைத்தட்டுகளை ஆன்லைனில் விற்பவர்கள், அதிலும் நாட்டுப்புறப் பாடல் தட்டு வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். என்னிடம் நல்ல தட்டை வாங்கிக்கொண்டு, கீறல் விழுந்த வேறொன்றைத் திருப்பி அனுப்பி, கொடுத்த பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார் ஒருவர்.

விற்றது அப்பாவின் எல்பி. தெம்மாங்கு, தாலாட்டு, கும்மி என்று இரண்டு பக்கமும் கிராமியப் பாடல்கள். எச்எம்வி வெளியீடு, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானது. சினிமாப் பாட்டுத் தட்டுகள்போல இவை வண்டி வண்டியாக வந்தவை அல்ல. பல தட்டுகள் கேசட்டாகவோ சிடியாகவோ மறுபடி வரவே இல்லை. கைக்குக் கிடைப்பதில் பாதி, திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஓடித் தேய்ந்தவை. அதனால் சுத்தமான பிரதிக்குத் தனி மதிப்பு. ஏமாற்றுகிறவர்களின் கண்ணும் அதில்தான்.

வாங்கியவர் போனில் பிரியமாகப் பேசினார். "நானும் சேகரிக்கிறவன்தான் அண்ணே, நல்ல கைக்குத்தான் போகுது" என்றார். லேபிள் படம், உறைப் படம் எல்லாம் கேட்டு வாங்கினார். 4,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். பணம் விற்பனைத் தளத்தின் வழியாக வந்தது. பொருள் சரியில்லை என்று வாங்கியவர் சொன்னால் திருப்பி அனுப்பலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு.

பார்சல் போய்ச் சேர்ந்த வாரமே பேச்சு மாறிவிட்டது. "முதல் பாட்டுலயே முள்ளு தாவுது. பாதிப் பணம் கொடுத்துடுங்க, தட்டை நானே வச்சுக்கிறேன்." அனுப்பும் முன் இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டிக் கேட்டிருந்தேன், எங்கும் தாவவில்லை. முடியாது என்றேன். உடனே தளத்தில் புகார் போட்டார். அவருக்குப் பணம் போனது, எனக்குப் பார்சல் வந்தது.

உறை எங்களுடையதுதான். பின்பக்க மூலையில் அப்பாவின் கையெழுத்து அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்த தட்டு எங்களுடையது இல்லை. எங்கள் தட்டின் முதல் பக்க லேபிள் ஓரத்தில், அச்சாகும்போதே விழுந்த சின்ன மடிப்பு ஒன்று உண்டு, நகத்தால் தடவினால் தட்டுப்படும். வந்ததில் அது கிடையாது. நடுத்துளையைச் சுற்றி, பிளேயர் கம்பி உரசிய கோடுகள் லேபிள் முழுக்க. எத்தனையோ தடவை போட்டு எடுத்த தட்டு அது. இரண்டாம் பக்கத்தில் மூன்று பாட்டுகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு கீறல்.

தளத்துக்கு எழுதினேன். லேபிளில் எண் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. வெளியீட்டு எண் எல்லாப் பிரதியிலும் ஒன்றாகத்தான் இருக்கும்! பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணும், ஒரே அச்சில் வந்த தட்டுகளில் மாறாது. மடிப்பு தெரியும் படத்தை அனுப்பினேன். படம் போதாது என்று கேஸை மூடிவிட்டார்கள். இந்த அலட்சியம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே எண்ணை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். லேபிள் மடிப்பு, சாய்ந்த அச்சு, மயிரிழைக் கீறல் என்று உங்கள் பிரதியில் மட்டும் உள்ளதை, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நெருங்கிப் போய் எடுங்கள். அங்கிருந்து பெட்டிக்கு டேப் ஒட்டுவதுவரை வெட்டாமல் ஒரே வீடியோ. "பாதிப் பணம்" என்ற பேச்சு வந்தால் போனில் பேச வேண்டாம், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில்தான் விற்க வேண்டும். வாங்குபவர் உங்கள் கண்முன்னே போட்டுக் கேட்டுவிட்டு எடுத்துப் போகட்டும்.

சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன். பண மோசடிக்கு 1930 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். லேபிள் ஓரத்தில் மடிப்புள்ள எச்எம்வி கிராமியப் பாடல் தட்டு, உறை இல்லாமலோ வேறு உறையிலோ விற்பனைக்கு வந்து யார் கண்ணிலாவது பட்டால், வாங்குவதற்கு முன் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.