முதல் ஏர் பிஸ்டல்: கடலோர வீட்டுக்கு ஸ்பிரிங்கா, பிசிபியா?

நான் முதலில் ஆசைப்பட்டது பழைய ராணுவ வெப்லி ரிவால்வருக்கு. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கியது. ஆனால் அதன் .455, .38 அளவுகள் நம் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட ரகம். நம்மைப் போன்றவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. சரி, ஏர் பிஸ்டலுக்கு வந்துவிட்டேன். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் லைசென்ஸ் தேவையில்லை.

கீழக்கரையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நாலு தெரு தள்ளி. என்னிடம் இருப்பது குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் பிஸ்டல், மூன்று வருடமாக. மச்சானிடம் இருப்பது பிசிபி, அதாவது சிலிண்டருக்குள் காற்றை 200 பார் அழுத்தம் வரை அடைத்து வைத்துச் சுடுவது. கார்பன் டை ஆக்சைடு குப்பி ரகத்தை நான் யோசிக்கவே இல்லை. வெயில் ஏற ஏறக் குப்பிக்குள் அழுத்தமும் ஏறும். காலையில் சரியாக விழுந்த குண்டு மதியம் வேறு இடத்தில் விழும்.

குறி என்று பார்த்தால் பிசிபிதான், சந்தேகமே இல்லை. 10 மீட்டர் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ., ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அகலம். ஸ்பிரிங்கில் குண்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடி முட்டுவதால் கை குலுங்கும். போட்டிக்குப் போகிறவர் பிசிபி வாங்கட்டும். விலை லட்சத்தைத் தாண்டும்.

வீட்டுக் கொல்லையில் பொழுதுபோக்காகச் சுடுகிறவருக்கு நான் ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன். காரணம் உப்புக் காற்று. கொண்டல் வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரல் பிசுபிசுக்கும். என் பிஸ்டலில் துரு வந்தால் வெளியே தெரியும்: முதலில் குழல் மடங்கும் மூட்டில், அப்புறம் விசைக்குப் பக்கத்தில், செம்மண் தூவியதுபோல் சின்னப் புள்ளிகள். சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். விரல்ரேகை பட்ட இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூடவே வரும் நுரைப்பஞ்சுப் பெட்டியில் வைக்கவும் வேண்டாம். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் மழைக்காலத்தில் அப்படி வைத்துத்தான் குழலின் ஒரு பக்கம் முழுக்கக் கெட்டது. இப்போது துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு தகர டப்பாவில் வைக்கிறேன்.

பிசிபியில் வெளிப்பக்கம் பெரும்பாலும் அலுமினியம், துருப் பிடிக்காது. ஆனால் கைப் பம்பால் காற்றடிக்கும்போது இந்த ஊர் ஈரமும் சேர்ந்து உள்ளே போகிறது. வால்வுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மச்சானுடையதில் ஒரு ரப்பர் வளையம் கசிந்தது. பார்சலில் அனுப்பித் திரும்பி வர ஏழு வாரம். ஈரம் வடிகட்டும் பம்பு வாங்கினால் இந்தத் தொல்லை குறையலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, நான் அவருடையதை மொத்தம் இரண்டு மாதம்தான் கையாண்டேன். சிலிண்டருக்குப் பத்து வருட ஆயுள் என்பதையும் கணக்கில் வையுங்கள். பழையதை விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த ஆயுள் முடியும் தேதியைத்தான்.

எதை வாங்கினாலும் கொக்கு, புறா பக்கம் திருப்பாதீர்கள். தேர்த்தங்கல், சித்திரங்குடி சரணாலயங்களுக்கு வரும் பறவைகள் நம் ஊர்க் கண்மாய்களிலும் இறங்குகின்றன.

குண்டு டப்பாவையும் இறுக்கி மூடுங்கள். திறந்தே கிடந்தால் ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தக் குண்டுகளைக் குழலுக்குள் போடாதீர்கள். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள்.