மஸ்கெலியா பஸ்ஸில் முப்பத்தெட்டு வருடம்

என் முதல் சீசன் டிக்கெட்டை, அதாவது மாதம் முழுக்கப் போய்வரும் பஸ் அட்டையை, 1987இல் எடுத்தேன், இலங்கை மலையகத்து ஹட்டனில் ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது. இப்போது அதே ஹட்டனில் வாத்தியார். இடையில் எல்லாம் மாறியது, மஸ்கெலியாவிலிருந்து காலையில் பஸ் பிடிப்பது மட்டும் மாறவில்லை. இவ்வளவு காலம் பாவித்த ஒன்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம்தானே.

அரசாங்கத்தின் சிவப்பு பஸ்ஸை நாங்கள் இன்னும் 'சி.டி.பி.' (இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பழைய ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குரிய சபை 1958 ஜனவரி 1ஆம் திகதி வந்தது. பண்டாரநாயக்க அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கி அதைத் தொடங்கியது. 1978இல் பிராந்தியச் சபைகளாகப் பிரித்தார்கள். தொண்ணூறுகளில் டிப்போக்களை 'மக்கள்மயப்படுத்தி' கம்பனிகளாக்கினார்கள். அப்புறம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மறுபடியும் ஒரே சபை. பஸ்ஸின் பக்கத்தில் பெயின்டில் எழுதியதை எத்தனை தடவை அழித்து எழுதினாலும் எங்கள் வாயில் இருந்ததை அழிக்க முடியவில்லை.

பயணிக்கு உண்மையில் உறைத்த மாற்றம் வேறு. 1979இல் தனியார் பஸ்களை மறுபடி ஓட விட்டதுதான் அது. பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு பஸ், மிஞ்சினால் இரண்டு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் வருமானம். அதனால் ஸ்டாண்டில் எஞ்சினை உறும விட்டு, ஓரடி முன்னே, அரையடி பின்னே என்று இதோ புறப்படுவதுபோல் காட்டிக்கொண்டே நிற்பார்கள். நம்பி ஓடிப்போய் ஏறினால் இருபது நிமிடம் போய்விடும். பின்னால் இன்னொரு பஸ் தலைகாட்டினால் போதும், அதே ஆள் மலைப்பாதை வளைவுகளில் பறப்பார். உள்ளே "இஸ்ஸரஹட்ட யன்ன" (சிங்களத்தில் 'முன்னே போங்கள்') என்ற சத்தம் ஓயாது. முன்னே போக இடம் இருக்கிறதா என்பது அவர்கள் கவலை இல்லை. ஒரு முறை நான் இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தாண்டி, அரை மைல் தள்ளி இறக்கிவிட்டார்கள், மழையில். அந்தப் பஸ்ஸில் டிக்கெட்டும் தரவில்லை, யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்குத் தனியார் பஸ் இல்லையென்றால் நான் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போயிருப்பேன். கூட்டம் உள்ள நேரத்தில் அவர்கள் கட்டாயம் வருவார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில்தான் சிவப்பு பஸ்ஸின் அருமை தெரியும். இரவு கடைசி பஸ்ஸில் சில நாள் ஆறேழு பேர்தான் இருப்போம். டவுனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஒரு பாட்டி, நான். டீசல் காசுக்குக்கூடக் காணாது. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகும் சந்தியில் பாட்டி "தம்பி, இங்கே" என்றதும் நிற்கும். சீசன் டிக்கெட்டும் இதில்தான் செல்லும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மேல்வகுப்பு வரை படித்தது அந்த அட்டையை வைத்துத்தான்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு விசேட பஸ்கள் ஓடும், எங்களைப் போன்ற அன்றாடப் பயணிகள் படியில் தொங்குவோம். அதெல்லாம் பழகிவிட்டது. பொருளாதார நெருக்கடி வந்த 2022 மட்டும் பழகவில்லை. மார்ச்சில் 20 ரூபாவாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் ஜூலையில் 40 ரூபா. அந்தக் காசைக் கொடுக்கத் தயாராக நின்றாலும் பஸ்கள் டீசல் வரிசையில் கிடந்தன. பள்ளிக்கூடத்தையே மூடினார்கள்.

புதிதாக இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்கு: காலையில் எது முதலில் அசைகிறதோ அதில் ஏறுங்கள். எஞ்சின் உறுமுவதை நம்பாதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். கடைசிச் சிவப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று அதன் கண்டக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.