மோவாப் மண்சாலைகளுக்கு எந்த வண்டி: சொந்தக் காரா, யுடிவியா, வாடகை ஜீப்பா?

யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில் இருக்கும் மோவாப் சின்ன ஊர்தான். ஆனால் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களுக்கும் அதுதான் வாசல். சுற்றிலும் செம்பாறைப் பள்ளத்தாக்குகள், அவற்றுக்குள் இறங்கி ஏறும் மண்சாலைகள். 1967-லிருந்து ஆண்டுதோறும் ஈஸ்டர் சமயத்தில் ஜீப்காரர்கள் கூடும் ஊர் இது. அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் அறையும் தேதியும் பார்த்த பிறகு முட்டிக்கொண்டு நிற்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த வண்டியில் போவது?

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது நாங்களும் இதே கேள்வியோடு உட்கார்ந்தோம். கடைசியில் சொந்தக் காரில் மோவாப் வரை போய், அங்கே ஒரு நான்கு கதவு ராங்லர் ஜீப்பை வாடகைக்கு எடுத்தோம். அதனால் இந்த அலசல் ஜீப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் சொந்தக் கார். நம்மில் பலரிடம் இருப்பது ஆல் வீல் டிரைவ் உள்ள நடுத்தர எஸ்யுவி. அதை வைத்துக்கொண்டே மூன்று நாள் நிறைவாகப் பார்க்கலாம். ஆர்ச்சஸின் முக்கியமான இடங்கள் எல்லாம் தார்ச்சாலைதான். கேன்யன்லேண்ட்ஸின் 'ஐலண்ட் இன் த ஸ்கை' பகுதியில் மேசா ஆர்ச், கிராண்ட் வியூ பாயின்ட், கிரீன் ரிவர் ஓவர்லுக் மூன்றுக்கும் காரிலேயே போய்விடலாம். டெட் ஹார்ஸ் பாயின்டில் நின்றால் 2000 அடி கீழே கொலராடோ ஆறு வளைந்து திரும்புவது தெரியும். கொலராடோவை ஒட்டிப் போகும் 128-ஆம் எண் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மண்சாலை ஆசைக்கு ஆனியன் க்ரீக் இருக்கிறது. ஒரே ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்கும் பாதை; தண்ணீர் குறைவாக, மண் காய்ந்திருக்கும் நாளில் தரையிலிருந்து கொஞ்சம் உயரமான எந்த வண்டியும் போகும். செலவும் பெட்ரோலோடு முடிந்துவிடும்.

அப்புறம் யுடிவி, அதாவது மண்ணிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த சின்னத் திறந்த வண்டி. ஊருக்குள் நுழைந்ததுமே கண்ணில் படுவது அதுதான்: கூண்டுக் கம்பிகளும் பெரிய சக்கரங்களும், கதவு என்று பேருக்கு ஒன்றும். ஊரை ஒட்டிய சாண்ட் ஃபிளாட்ஸில் 'ஹெல்ஸ் ரிவெஞ்ச்', 'ஃபின்ஸ் அண்ட் திங்ஸ்' போன்ற பாறைப் பாதைகளில் இதன் ஆட்டம் வேறு. திமிங்கில முதுகு மாதிரி எழும்பி நிற்கும் மணற்கல் மீது நேராக ஏறி நேராக இறங்கும். நான் இதில் சிறிது நேரம்தான் இருந்திருக்கிறேன், அதுவும் ஒரு நண்பர் ஓட்டும்போது பக்கத்தில். சஸ்பென்ஷன் அபாரம், அதில் சந்தேகமில்லை. புழுதிதான் தாங்கவில்லை; முன்னால் ஒரு வண்டி போனால் பல்லில் மண் நறநறக்கிறது. வாடகை ஜீப்பைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், அப்படி இல்லை. 2023 முதல் யூட்டாவில் இதை ஓட்டுகிறவர் இணையத்தில் ஒரு பாதுகாப்புப் பாடமும் முடித்திருக்க வேண்டும். இளைஞர் கூட்டமாகப் போய், பாறை ஏறுவது மட்டுமே நோக்கம் என்றால் யுடிவிதான் சரி. எழுபதைத் தொட்ட பெற்றோரோடு போகிறவர்கள் வேறு யோசிக்கலாம்.

ஆனால் வசதியோ வாடகையோ இதைத் தீர்மானிப்பதில்லை. எந்த வண்டிக்கு எங்கே அனுமதி என்பதுதான் தீர்மானிக்கிறது. முன்பதிவு செய்யும்போது பலர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

யுடிவிக்குச் சாலையில் ஓடும் உரிமத்தகடு இருந்தாலும் கேன்யன்லேண்ட்ஸுக்குள் அனுமதி கிடையாது. ஆர்ச்சஸிலும் அப்படியே. 2019-இல் யூட்டாவின் பூங்காக்களை இவற்றுக்குத் திறந்துவிடச் சொல்லி ஓர் உத்தரவு வந்து, அமலுக்கு வருவதற்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. ஆக யுடிவி எடுத்தவர், சுற்றிப் பார்க்க இன்னொரு வண்டியும் வைத்திருக்க வேண்டும்.

ஆல் வீல் டிரைவ் காரின் சங்கடம் வேறு. கேன்யன்லேண்ட்ஸின் கடினமான மண்சாலைகளுக்குப் பூங்கா நிர்வாகம் கேட்பது உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதிலும் லோ ரேஞ்ச் கியர் உள்ளது. நான்கு சக்கரத்துக்கும் விசை போனால் மட்டும் போதாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற தனிப் பெட்டி இருந்து, அதில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் இரண்டாவது நிலை இருக்க வேண்டும். நம் நடுத்தர எஸ்யுவிகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. பின்பக்கம் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் சரி.

இது வெறும் சட்டப் பிடிவாதம் இல்லை. ஷேஃபர் டிரெயில் என்று ஒரு பாதை, ஐலண்ட் இன் த ஸ்கை மேட்டின் விளிம்பிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் கீழே இறங்குகிறது. ஒரு காலத்தில் மாடு ஓட்டிய தடம். 1950-களில் யுரேனியம் லாரிகள் போவதற்காக அகலப்படுத்தினார்கள். ஒரு பக்கம் செம்பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் காற்று, தடுப்புச் சுவர் கிடையாது. இதில் சாதாரண கியரில் இறங்கினால் வழி முழுக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்த அழுத்தச் சூடு ஏறும், சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். எங்களுக்கு முன்னால் போன காரிலிருந்து தீய்ந்த வாடை அடித்துக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் ஒதுங்கி நிறுத்திவிட்டார்கள்.

ஜீப்பில் மேலேயே நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை அழுத்தமாக '4எல்' வரை இழுத்தேன். 'கடக்' என்று உட்கார்ந்தது. முதல் கியரில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஓடவில்லை. இன்ஜின் முனகிக்கொண்டு நடைவேகத்தில் ஊர்கிறது. கொல்லிமலை வளைவுகளில் சரக்கு லாரி இறங்குமே, அதே சமாச்சாரம்தான். ராங்லரிலும் வகை உண்டு. சாதா மாடலில் லோ ரேஞ்ச் விகிதம் 2.72:1, ரூபிகான் என்ற மாடலில் 4:1; எண் பெரிதானால் இழுவையும் அதிகம். ஷேஃபருக்குச் சாதா மாடலே தாராளம். கேன்யன்லேண்ட்ஸின் இன்னொரு பகுதியான நீடில்ஸில் 'எலிஃபன்ட் ஹில்' என்று ஒரு பாதை இருக்கிறது. அங்கே படிப்படியாக உடைந்த பாறையில் ஏற வேண்டும், ஒரு கொண்டை வளைவில் திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே போக வேண்டும். அங்கே போகிறவர் ரூபிகானைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் ஜீப்பை வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் அங்கே போகவே விடுவதில்லை.

கீழே இறங்கியபின் ஷேஃபர் அப்படியே பொட்டாஷ் சாலையில் சேர்ந்து, ஆற்றங்கரை வழியாக மோவாப் திரும்புகிறது. வழியில் செம்மண் நடுவே பளீரென்று நீலக் குளங்கள். பொட்டாஷ் உப்பு எடுப்பதற்காகத் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் சீக்கிரம் ஆவியாகட்டும் என்று சாயம் கலந்திருக்கிறார்கள். அம்மா கடல் என்றே நினைத்துவிட்டார். இந்தச் சுற்றுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் தவிரத் தனி பெர்மிட் வேண்டாம். அரை நாளில் முடியும், ஒரு நாள் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

'ஒயிட் ரிம்' சாலை அதற்கும் பெரியது. மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு போல் நீளும் வெள்ளை மணற்கல் தட்டில், சுமார் 100 மைல் வட்டம். 1950-களில் அணுசக்தி ஆணையம் யுரேனியம் தேடுவதற்காகப் போட்ட சாலை. பொதுவாக இரண்டு மூன்று நாள் கூடாரம் போட்டுப் போகிறார்கள். பகலில் மட்டும் போய் வந்தாலும் பெர்மிட் தேவை. வழியில் குடிதண்ணீர் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. நாங்கள் முழு வட்டம் போகவில்லை. அதைப் பற்றி அதிகாரமாக எழுத எனக்குத் தகுதியில்லை. மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தைப் பற்றிக் கேட்டதெல்லாம், நிதானமான ஓட்டுநருக்குச் சாதா ராங்லர் போதும் என்பதுதான்.

அனுமதியில் மூன்றாவது தரப்பு வாடகை ஒப்பந்தம். சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் ஜீப் எடுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டி வந்தால் மலிவாக முடியுமே என்று தோன்றும். பெயர் ஜீப்தான், லோ ரேஞ்ச்கூட இருக்கும். ஆனால் விமான நிலைய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்றே சொல்கின்றன. மீறி இறங்கி ஏதாவது ஆனால், எடுத்த காப்பீடும் உதவாமல் போகலாம். பூங்காவின் உள்சாலையிலிருந்து வண்டியை இழுத்து வர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. மோவாப்பிலேயே வாடகைக்கு விடுகிறவர்களிடம் எந்தெந்தப் பாதைக்குப் போகலாம் என்ற பட்டியல் இருக்கும். நாங்கள் எடுத்த இடத்தில் ஒரு வரைபடத்தை விரித்து, பச்சை மையில் போகலாம், சிவப்பு மையில் போகக்கூடாது என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தின் நாலு பக்கத்தைவிட அந்த ஒரு தாள்தான் உபயோகப்பட்டது.

ஜீப்புக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பின் இருக்கை கட்டாந்தரை. அப்பா இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நெடுஞ்சாலையில் காற்றிரைச்சலில் பேச்சு கேட்காது. கூரையைக் கழற்றினால் முதல் அரை மணி நேரம் குதூகலம், அப்புறம் வெயில். வாடகை ஒரு நாளைக்குச் சில நூறு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர், ரிம், அடிப்பாகச் சேதம் பெரும்பாலும் நம் தலையில்தான். எங்களுக்கு ஒரு கீறலும் விழவில்லை என்பதால் அந்தப் பேரம் எப்படிப் போகும் என்று அனுபவித்துச் சொல்ல முடியவில்லை. டயர் காற்றைக் குறைத்து ஓட்டலாமா என்று கேட்டுவிடுங்கள், சிலர் ஒப்புக்கொள்வதில்லை.

அதனால்தான் பயணம் முழுக்க ஜீப் வேண்டாம் என்கிறேன். சொந்தக் காரில் தார்ச்சாலை இடங்களை முடித்துவிட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் ஜீப் எடுப்பது கட்டுப்படியாகும். அந்த நாளை நடுவில் வையுங்கள். மழை பெய்து களிமண் வழுக்கினால் பாதையை மூடிவிடுவார்கள், ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளமும் வரும். அப்படி ஆனால் மறுநாளுக்குத் தள்ள இடம் இருக்கும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல பருவம். ஈஸ்டர் வாரத்தில் ஜீப்பும் கிடைக்காது, அறையும் கிடைக்காது.

தானே ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கு, ஓட்டுநரோடு அழைத்துப் போகும் சுற்றுலாக்கள் ஊர் முழுக்க உண்டு. ஹெல்ஸ் ரிவெஞ்ச் மாதிரிப் பாதைகளுக்கு மாலை வெயிலில் கூட்டிப் போய் இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவார்கள். அப்பாவும் அம்மாவும் அறையில் ஓய்வெடுத்த ஒரு சாயங்காலம் நானும் மனைவியும் அப்படிப் போனோம். ஸ்டியரிங் கையில் இல்லாததால் பாறைகளை நிம்மதியாகப் பார்க்க முடிந்தது என்பது அவள் கட்சி.