இத்தாலெரி 1/12 பியட் 500எஃப்: பசையைவிட வண்ணத்துக்கே வேலை அதிகம்

இத்தாலெரி நிறுவனத்தின் இந்த கிட், பாகங்களை ஒட்டி வண்ணம் அடித்து நாமே செய்யும் பிளாஸ்டிக் மாடல் கார்; 1/12 என்றால் அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. இதை வாங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, "ஒட்டுவது கஷ்டமா?" என்று. 1/24 கார்கள் இரண்டு மூன்று செய்து பழகியவருக்கு ஒட்டும் வேலையில் பெரிய சிக்கல் எதுவும் வராது. பாகங்கள் பெரியவை, கையில் பிடிக்கத் தோதானவை. சிக்கல் முழுக்க வண்ணத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம் அசல் காரின் பிறவிக்குணம்.

1957 ஜூலையில் இத்தாலியின் டூரினில் வெளிவந்த அசல் கார், பியட் நுவோவா 500, பொறியாளர் டான்டே ஜக்கோசாவின் வடிவமைப்பு. நம் ஊரில் பத்மினியாக ஓடிய பியட் 1100 வரிசையும் அவர் கைவண்ணம்தான். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு எட்டும் விலையில் விற்க வேண்டிய கார் என்பதால், வெறும் தகட்டை மூடி மறைக்கும் அலங்காரங்களை எல்லாம் ஜக்கோசா கழித்துவிட்டார். கதவுகள் முன்பக்கக் கீலுக்கு மாறியது 1965இல் வந்த எஃப் மாடலில், அதாவது இந்த கிட்டின் காரில். அதிலும் டேஷ்போர்டு வண்ணம் அடித்த தகடுதான். பாடி என்ன நிறமோ அதே நிறம். கதவின் உள்பக்க மேல்விளிம்பு, கண்ணாடியைச் சுற்றியுள்ள தூண்கள், பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும் இருக்கும் முன்டிக்கி, பின்னால் இன்ஜின் அறை என எல்லாவற்றுக்கும் அதே நிறம். 1968இல் வந்த எல் மாடலில்தான் டேஷ்போர்டைக் கறுப்பாக மூடினார்கள். எஃப் கிட்டை வாங்கிவிட்டு டேஷ்போர்டுக்குக் கறுப்பு அடித்தால் அது இரண்டும் கெட்டான் காராகிவிடும்.

ஆகவே விளக்கத்தாளின் வரிசைப்படி ஒவ்வொரு படியிலும் வண்ணம் அடித்துக்கொண்டே போகக் கூடாது. அப்படிப் போனால் டேஷ்போர்டு ஒரு நாள், கதவு ஒரு நாள், பாடி இன்னொரு நாள் என்று ஒரே நிறம் மூன்று சாயலில் வந்து நிற்கும். கதவைத் திறந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதல் வேலையாக விளக்கத்தாளை முழுக்கப் படித்து, பாடி நிறம் வரும் பாகங்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அவற்றை மட்டும் முதலில் வெட்டித் தேய்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சு முதல் கடைசிக் கோட் வரை ஒரே நாளில், ஒரே ஸ்பிரே கேனிலோ ஒரே கலவையிலோ அடித்து முடியுங்கள். இன்ஜினும் சீட்டும் காத்திருக்கட்டும்.

வண்ணம் எவ்வளவு வேண்டும்? அசல் காரின் நீளம் 2970 மி.மீ. என்றால் மாடல் சுமார் 24.8 செ.மீ. வரும். இதே காரை 1/24இல் செய்வதோடு ஒப்பிட்டால் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அதோடு உள்பக்கமும் இருக்கிறது. டாமியா நிறுவனத்தின் டிஎஸ் வகை லேக்கர் ஸ்பிரே, 100 மி.லி. கேன் ஒன்றை நம்பி இறங்காதீர்கள், இரண்டு வாங்கி வையுங்கள். மஞ்சள், சிவப்பு, வெளிர்நிறம் என்றால் அடியில் வெள்ளைப் பிரைமர் கட்டாயம். சாம்பல் பிரைமர்மேல் மஞ்சள் அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். கேனைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் சில நிமிடம் வைத்து எடுத்தால் துளி நுண்மையாக விழும். 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, முதலில் தூவினாற்போல இரண்டு கோட், பதினைந்து இருபது நிமிட இடைவெளியில் ஈரமாக இரண்டு கோட். மழைநாளிலும் கடற்கரை ஊர்களின் புழுக்கமான மாலையிலும் லேக்கர் அடிக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறிய உலர்ந்த முற்பகல்தான் சரியான நேரம்.

இதற்குள்ளேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. கதவு, முன்மூடி, இன்ஜின் மூடி மூன்றும் திறந்து மூடுபவை. அசல் காரில் கதவிடுக்கு 4 மி.மீ. என்று வைத்தால் 1/12இல் அது 0.33 மி.மீ. பிரைமர், நிறம், கிளியர் என்னும் நிறமற்ற மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து விளிம்பில் 0.1 மி.மீ. ஏறினால், கதவு விளிம்பிலும் சட்டத்து விளிம்பிலுமாக 0.2 மி.மீ. போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு தாளின் கனம். அந்த நிலையில் கதவை மூடினால் விளிம்பில் வண்ணம் உரசிப் பெயரும். அதனால் பிரைமருக்கு முன்பே கதவைக் கீலோடு பொருத்தி, மூடிப் பார்த்து, இடுக்கில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை மடித்து விட்டு இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து விரிவாக்குங்கள். வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும்போது இடுக்கு கொஞ்சம் அதிகமாகத் தெரிவதே சரியான அளவு. கீல் உரசும் இடங்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு வண்ணம் அடியுங்கள். அங்கே வண்ணம் ஏறிக் கதவு இறுகிப்போனால், வற்புறுத்தித் திறக்கும்போது கீல் முறியும். முறிந்த கீலை ஒட்டி மறுபடி ஆடவைப்பது அநேகமாக நடக்காத காரியம்.

கிளியர் கோட் அடித்தபின் அவசரம் கூடாது. தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே தின்னர் இருக்கும். மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள்; வாசனை இருக்கும்வரை பாலிஷ் வேண்டாம். வாசனை முற்றிலும் போனபின் 2000, 3000 வாட்டர் பேப்பரால் தண்ணீரோடு தேய்த்து, பிறகு காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசை போடுங்கள். மேடான கோடுகளிலும் விளிம்புகளிலும் நிறம் சீக்கிரம் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்க்கும், அந்த இடங்களில் மெல்லிய டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது நல்லது.

குரோம் பாகங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. பம்பரும் வீல் கப்பும் விளக்கு வளையமும் பொம்மைக்கடைப் பளபளப்போடு வருகின்றன. பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழும், அச்சுக்கோடும் குரோமுக்கு அடியில் அப்படியே தெரியும். மனமிருந்தால் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்துக் குரோமை நீக்கிவிட்டு, கோட்டைத் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் ஆல்கிளாட் குரோம் என்னும் உலோக வண்ணத்தை ஏர்பிரஷில் மெல்லிசாகத் தூவுங்கள். அந்த மாற்றம் ஒன்றே மாடலின் தரத்தை ஒரு படி உயர்த்தும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வெட்டுத் தழும்பு கீழ்ப்பக்கம் போகும்படி வீல் கப்பைத் திருப்பி வைக்கலாம். எப்படியானாலும் ஒட்டும் இடத்தில் குரோமைச் சுரண்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் பசை குரோம்மேல் பிடிக்காது.

இன்ஜின்தான் இந்த அளவுக்கான பலன். 499.5 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றால் குளிர்வது. டைனமோவின் தண்டிலேயே விசிறி சுழன்று, கறுப்புத் தகட்டு உறைக்குள் காற்றைத் தள்ளும். மூடியைத் திறந்தால் கண்ணில் படுவது அந்த உறையும் காற்று வடிகட்டியும்தான். சிலிண்டரின் வரிகள் உள்ளே மறைந்துவிடும். அதற்கு நேரம் செலவிடாமல் வயர்களுக்குச் செலவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குக்கு இரண்டு, காயிலிலிருந்து ஒன்று, மொத்தம் மூன்றே வயர். அசல் வயர் 7 மி.மீ. கனம் என்றால் இங்கே 0.58 மி.மீ.; 0.6 மி.மீ. டிரில்லும் அதே கனத்தில் கறுப்பு வயரும் போதும். உறைக்குப் பளபளப்பு வேண்டாம், அரைப்பளபளப்புக் கறுப்பு. வார்ப்பு அலுமினியப் பாகங்களுக்கு மங்கிய அலுமினிய நிறம், அவற்றின் இடுக்குகளில் நீர்த்த எனாமல் கறுப்பை ஓடவிட்டுத் துடைத்தால் வார்ப்பு உலோகம் மாதிரியே இருக்கும். லேக்கர்மேல் எனாமல் போகலாம். எனாமல்மேல் லேக்கர் அடித்தால் வண்ணம் சுருங்கி வெடிக்கும்.

கண்ணாடிகளுக்குப் பெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படிந்துவிடும். பெவிகால் போன்ற வெள்ளைப் பசையைப் பல்குச்சி முனையால் தொட்டு வைத்தால் காய்ந்தபின் தெரியாது. போட்டோ எட்ச் எனப்படும் மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்களுக்கு மட்டும் பெவிக்விக். கண்ணாடி ஏறுவதற்கு முன்பே அவற்றை ஒட்டி முடித்துவிடுங்கள்.

துணிக்கூரையை மூடியும் வைக்கலாம், திறந்தும் வைக்கலாம். திறந்து வைக்கவே சொல்வேன். மூடிவிட்டால் அவ்வளவு பாடுபட்டு ஒரே நிறத்தில் கொண்டுவந்த டேஷ்போர்டு சரியாகத் தெரியாது. துணிக்கு நேர் கறுப்பு கடுமையாக இருக்கும், ஆழ்ந்த சாம்பல் கலந்த மேட் நிறம் இயல்பாக உட்காரும். ரப்பர் டயரின் நடுக்கோட்டையும் புதுமினுக்கையும் 400 பேப்பரால் போக்கிவிட்டு மாட்டுங்கள்.

முதல் முறையாக கிட் தொடுபவருக்கு இது வேண்டாம். வண்ணம் அடிக்கத் தெரிந்தவர், உலர்வதற்குக் காத்திருக்கும் பொறுமை உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே இரண்டு கேன் நிறம், ஒரு பிரைமர், ஒரு கிளியர் ஆகியவற்றின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.